"முயற்சி போதாது" என்று மைக்கில் சொன்னவருக்கு

சனிக்கிழமை இங்கே ஒன்ராறியோவில் நம் விழாவில் நடந்ததை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். வீடியோ வட்ஸ்அப் குழுக்களில் இன்னும் சுற்றுகிறது. ஊரில் வைத்தியம் செய்த பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "இங்க எல்லா வசதியும் இருக்கு. அப்பிடியிருந்தும் எங்கட பிள்ளையளுக்கு மெடிசின் கிடைக்கேல்லையெண்டால் முயற்சி போதாது, அவ்வளவுதான்" என்றார். மண்டபமே கைதட்டியது. கைதட்டியவர்களுக்கு நடுவில், மருத்துவம் படிக்க முயன்றுகொண்டிருக்கும் என் மகளும் இருந்தாள்.

ஐயா, உங்கள் வயதுக்கும் ஊரில் நீங்கள் செய்த வைத்தியத்துக்கும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் இதைச் சொல்லலாமா? எழுபதுகளின் தொடக்கத்தில் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூலம் எழுதிய பிள்ளைக்கு 250 புள்ளி வேண்டும், சிங்களமொழி மூலம் எழுதிய பிள்ளைக்கு 229 போதும் என்றார்கள். 240 எடுத்துவிட்டு வீட்டில் இருந்த பிள்ளையிடம் போய் "உன் முயற்சி போதாது" என்று யாராவது சொல்லியிருந்தால் நம் சனம் சும்மா விட்டிருக்குமா? இங்கே நடப்பது அந்த அநியாயம் என்று நான் சொல்லவில்லை. முயற்சிக்கும் இடத்துக்கும் நடுவில் வேறு பல விஷயங்கள் இருக்கின்றன என்பது நம் தலைமுறைக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லாத பாடம். அதைத்தான் மறந்துவிட்டுப் பேசினீர்கள்.

ஊரில் ஏ.எல் என்ற உயர்தரச் சோதனை. புள்ளி வந்தால் கம்பஸ். இங்கே கனடாவில், ஒன்ராறியோவில், முதலில் பட்டப்படிப்பு. ஜிபிஏ, அதாவது நாலுக்குப் போடும் சராசரிப் புள்ளி, 3.9க்குக் கீழே இறங்கினால் பிள்ளைகள் நித்திரை கொள்வதில்லை. பிறகு எம்கற் என்ற மருத்துவ நுழைவுச் சோதனை, ஏழரை மணித்தியாலம். மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் அதில் ஒரேயொரு பகுதியைத்தான் பார்க்கிறது: நீண்ட ஆங்கிலப் பந்திகளை வாசித்துத் தர்க்கம் பிடிக்கும் பகுதி, 90 நிமிடத்தில் 53 கேள்வி. விடிய விடியப் படித்த இரசாயனவியல் அங்கே உதவாது. அதற்குமேல் காஸ்பர் என்ற சோதனை, சில இடங்களில் பரிந்துரைக் கடிதங்கள், அறை அறையாக ஏறி இறங்கும் நேர்முகம். இவ்வளவும் முடிந்தால் ஆயிரக்கணக்கான விண்ணப்பத்துக்கு மக்மாஸ்டரில் இருநூறு சொச்சம் இடம்.

குயின்ஸ் பல்கலைக்கழகம் என்ன செய்தது தெரியுமா? தகுதி உள்ளவர்களுக்குள்ளே குலுக்கிப்போட்டுத்தான் அடுத்த கட்டத்துக்கு எடுக்கப்போகிறோம் என்று 2024இல் அறிவித்தது. குலுக்கல்! ஒரு பல்கலைக்கழகமே குலுக்கலுக்கு இறங்கிய பிறகு, பெயர் விழாத பிள்ளையிடம் எந்த முயற்சியைக் குறை சொல்லப்போகிறீர்கள்?

என் மகள் பத்தாம் வகுப்பிலிருந்து அம்மம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போனவள். நான் பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை முடித்து வந்து படுத்திருப்பேன், அவள்தான் போவாள். தாதி சொல்வதைத் தமிழில் அம்மம்மாவுக்குச் சொல்ல வேண்டும். அம்மம்மா "நெஞ்சுக்குள்ள ஏதோ செய்யுது" என்பதை ஆங்கிலத்தில் டொக்டருக்கு விளங்கப்படுத்த வேண்டும். ஒருநாள் கெட்ட செய்தி. அதையும் அவள்தான் மொழிபெயர்த்தாள். அந்த வயதில் நான் ஊரில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் விண்ணப்பத்தில் எழுதலாம் என்றே அவளுக்குத் தெரியாது. "அது வீட்டு வேலைதானே அம்மா" என்றாள். டொக்டர்மார் வீட்டுப் பிள்ளைக்கு எதை எழுத வேண்டும் என்று சாப்பாட்டு மேசையிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். "எல்லா வசதியும்" என்றீர்களே, இந்த வசதி யார் வீட்டில் இருக்கிறது?

"சிலருக்குக் கிடைக்குதுதானே" என்பீர்கள். கிடைக்கிறது, மனதாரச் சந்தோசம். பக்கத்துத் தெருப் பையனுக்குக் கிடைத்தபோது நானே பாற்பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவனுக்குக் கிடைத்தது மற்றப் பிள்ளை சோம்பேறி என்பதற்குச் சாட்சியா? சில பிள்ளைகள் உண்மையிலேயே படிப்பதில்லை என்பீர்கள். இருக்கலாம், நான் அவர்களைப் பற்றிப் பேசவில்லை.

"டொக்டர்தான் வரவேணுமோ, வேற படிப்பு இல்லையோ?" இதைக் கேட்பவர்களில்தான் எனக்குக் கூடுதல் கோபம். இடம் கிடைத்த பிள்ளையின் படத்தை விழா மலரில் முழுப்பக்கம் போடுவது நீங்கள். பொன்னாடை போர்ப்பது நீங்கள். அவள் இந்தப் படிப்புக்கு ஆசைப்பட்டது அம்மம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், உங்கள் பொன்னாடைக்காக இல்லை. எம்கற்றை வாழ்நாளில் ஏழு தரம் எழுதலாம் என்று நடத்துகிறவர்களே விதி வைத்திருக்கிறார்கள். மறுபடி எழுதுகிற பிள்ளையைப் பார்த்து "இன்னுமோ?" என்று கேட்க நாம் யார்? போன மாதம் ஒரு அக்கா, என் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவ, மகளுக்கு முன்னாலேயே "வயசும் போகுது, பேசாமல் ஒரு கலியாணத்தைப் பாருங்கோ" என்றா. அதுக்குப் பிறகு பிள்ளை எந்த வீட்டுக்கும் வர மாட்டேன் என்று நின்றாள். சனிக்கிழமை நான்தான் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தேன். வந்ததுக்குக் கிடைத்தது அந்தக் கைதட்டல்.

"மகளுக்காகத்தானே எழுதுறீங்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஓம், என் மகளுக்காகத்தான். வேறு யாருக்காக எழுதுவேன்?

விழாக் குழுவிலிருந்தும் உள்பெட்டிக்கு வந்தார்கள். "பெரிய மனிசன், விட்டுவிடுங்கோ, பதிவை எடுங்கோ." எடுக்க மாட்டேன். அவரிடம் மைக்கை வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லையே. ஒக்ரோபர் தொடக்கத்தில் விண்ணப்பம் போக வேண்டும், முடிவு வர மே மாதமாகும். அதுவரைக்கும் கோவிலிலோ கடையிலோ கலியாண வீட்டிலோ அவளைக் கண்டால் "கிடைச்சுதோ?" என்று கேட்காதீர்கள். சாப்பிட்டியா என்று கேளுங்கள்.