கவாத்துக்குப் (கிளை வெட்டிய) பின் சொட்டும் நீரால் திராட்சைக்கொடி சாகாது
"கவாத்து செய்த இடத்தில் நீர் சொட்டினால் திராட்சைக்கொடி பட்டுப்போகும், உடனே மெழுகு பூசுங்கள்" என்று சிலர் சொல்வது தவறு, நண்பரே. குளிர் விலகி மண் சூடேறியதும் வேர் நீரை மேலே தள்ளுகிறது. இலை இன்னும் வராததால் அது வெட்டுவாய் வழியே கசிகிறது. சொட்டுவது பெரும்பாலும் தண்ணீர்தான். தளிர் விரிந்ததும் தானே நின்றுவிடும். கசியும் வெட்டில் மெழுகு சரியாக ஒட்டவும் செய்யாது.

கவனிக்க வேண்டியது வேறு. ஓராண்டுக் குச்சியை மொட்டுக்கு 2 செ.மீ. மேலே, சரிவு மொட்டுக்கு எதிர்ப்பக்கம் இறங்கும்படி வெட்டுங்கள். நீர் மொட்டின்மேல் வழியாது. நனைந்த மொட்டைத்தான் உறைபனி எளிதில் கருக்கும். பூச்சு உதவுவது பழைய தண்டில் விழும் பெரிய வெட்டுக்கு. அந்தத் தண்டையும் மழையில் வெட்டாதீர்கள்: தண்டை உள்ளிருந்து காயவைக்கும் பூஞ்சை அந்த ஈரக் காயத்தில்தான் புகுகிறது.