'பல்க்கி யூட்ரஸ்' ஒரு நோயின் பெயர் இல்லை

மூன்று வருஷம் என் கைப்பையில் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் மடிப்பு கிழிந்து கிடந்தது. கடைசி வரி: 'பல்க்கி யூட்ரஸ்'. கர்ப்பப்பை பெருத்திருக்கிறதாம். ஏன் பெருத்தது என்று அவர்களும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த 7 நாளில் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் பஸ் ஏறுவதென்றால் கறுப்புச் சுடிதார், ரெண்டு நாப்கின், இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு ஸ்வெட்டர். வளைவுக்கு வளைவு அடிவயிற்றைப் பிடித்துக்கொள்வேன். ஹீமோகுளோபின் 7.8. முதலில் காட்டிய இடத்தில், "கட்டி மாதிரி தெரியுதும்மா. 41 வயசு, ரெண்டு பிள்ளைங்க ஆச்சு. எடுத்துடலாமே" என்றார்கள்.

அப்புறம் கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மா உள்வழியாக ஸ்கேன் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். கர்ப்பப்பைச் சதைக்குள் ஆப்பத்தில் கண் விழுந்த மாதிரி குட்டிக் குட்டிக் கறுப்புப் புள்ளிகள். அதற்குக் கீழே, பனிமூட்டத்தில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வெயில் இறங்குமே, அப்படி விசிறியாக விரிந்த நிழல்கள். பின்சுவர் மட்டும் தடித்திருந்தது. "இது கட்டி இல்லை, அடினோமயோசிஸ்" என்றார்.

கர்ப்பப்பையின் உள்ளுறைத் திசு சதைக்குள் புகுந்துவிடுகிறது. சுற்றியிருக்கும் சதை தடிக்கிறது, வலிக்கிறது, ரத்தப்போக்கு கூடுகிறது. ஃபைப்ராய்டு கட்டிக்குப் பெரும்பாலும் தெளிவான ஓரம் உண்டு, தனியாக உரித்தெடுக்கலாம். இது மாவில் கலந்த உப்பு. பரவிவிட்டால் தனியாகப் பிரிக்க முடியாது. பெயர் மாறினால் வைத்தியமே மாறும் என்பது இதனால்தான்.

பெயர் 1925லேயே வந்துவிட்டது. ஆனால் ரொம்ப காலம் கர்ப்பப்பையை எடுத்து லேபில் நறுக்கிப் பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொன்னார்கள். நோயின் பெயர் தெரிய உறுப்பையே கொடுக்க வேண்டியிருந்தது! 2015இல் 'மூசா' என்ற நிபுணர் குழு, ஸ்கேனில் எதையெல்லாம் பார்த்து எழுத வேண்டும் என்று வகுத்தது. 2022இல் அதைத் திருத்தி, நேரடி அடையாளம், மறைமுக அடையாளம் என்று பிரித்தார்கள். என் ஆப்பக் கண் நேரடி. விசிறி நிழலும் தடித்த சுவரும் மறைமுகம். குழப்பம் இருந்தால் எம்ஆர்ஐ இருக்கிறது.

வகைப்படுத்த உலகம் முழுக்க ஒரே முறை இன்னும் வரவில்லை, சரி. அதற்காக ஒன்றுமே எழுதாமல் விடுவதா? ஒரே இடத்திலா, பரவலா? எந்தச் சுவர்? உள்பக்கமா, வெளிப்பக்கமா? கூடவே ஃபைப்ராய்டும் இருக்கிறதா? நாலு வரிதானே.

கர்ப்பப்பையை எடுப்பதே தப்பு என்று சொல்லவில்லை. என் சித்திக்கு எடுத்தார்கள், நிம்மதியாக இருக்கிறார். எனக்குக் கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் சாதனம் வைத்தார்கள். எங்கள் ஊரில் அதையும் காப்பர்-டி என்றே சொல்வார்கள், அதில் காப்பரே கிடையாது. ஆறு மாதத்தில் ஹீமோகுளோபின் 11 ஆனது.

போன வாரம் எஸ்டேட் லைன் வீட்டு அக்கா ஒருவர், கொழுந்துக் கறை போகாத விரலால் ஒரு ரிப்போர்ட்டை நீட்டினார். அதே 'பல்க்கி யூட்ரஸ்'. பின்பக்கம் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்: 'கட்டியா, அடினோமயோசிஸா? எந்தச் சுவர்?'

"டாக்டர் கோவிச்சுக்க மாட்டாங்களா கண்ணு?"

"கோவிச்சா கோவிச்சுக்கட்டும்க்கா. பதிலை எழுதி வாங்கிட்டு வாங்க."