ஜப்பானுக்கு முதல் தடவை போகிறீர்களா? இரண்டு ஊர் போதும்

ஏழெட்டு நாளில் டோக்கியோ, ஹகோனே, ஃபூஜி, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா என்று அடுக்கித் தரும் டூர் பேக்கேஜுக்கு தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். முதல் பயணத்துக்கு டோக்கியோவில் ஒரு ஓட்டல், கியோட்டோவிலோ ஒசாகாவிலோ இன்னொன்று, அவ்வளவு போதும். ஜப்பானிய ஓட்டல்களில் காலை 10, 11 மணிக்கெல்லாம் அறையைக் காலி செய்துவிட வேண்டும். அடுத்த ஓட்டலில் பிற்பகல் 3 மணிக்குத்தான் சாவி கிடைக்கும். ஓட்டல் மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல பகல் இப்படிப் போய்விடும். கியோட்டோவில் தங்கினால் ஒசாகா அரை மணி நேரம், நாரா முக்கால் மணி நேரம். பெட்டியைத் தூக்காமல் போய்விட்டு ராத்திரி திரும்பிவிடலாம்.

அடுத்தது, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் ஜேஆர் பாஸ், அதாவது குறிப்பிட்ட நாட்களுக்கு ஜேஆர் ரயில்களில் இஷ்டம்போல் போய்வரும் டிக்கெட். ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தவரை லாபம்தான். 2023 அக்டோபரில் அதை 50,000 ஆக்கிவிட்டார்கள். டோக்கியோ–கியோட்டோ ஷின்கான்சென் (புல்லட் ரயில்) ஒரு வழிக்குச் சுமார் 14,000 யென். போய்வர 28,000. ஹிரோஷிமா வரை போய்த் திரும்பினால்கூட 50,000-ஐத் தொடாது. இதில் வேகமான நோசோமி ரயிலில் ஏற பாஸ் வைத்திருப்பவர்களும் தனியாகக் கட்ட வேண்டும். டோக்கியோவில் இறங்கி, ஒசாகா பக்கமுள்ள கான்சாய் விமான நிலையத்தில் ஏறி ஊர் திரும்பும்படி விமான டிக்கெட் போடுங்கள். ஷின்கான்சென் ஒரு வழியோடு முடிந்துவிடும். சீட் எடுக்கும்போது கியோட்டோ போகும் திசையில் ‘E’ வரிசை ஜன்னலைக் கேளுங்கள். டோக்கியோவிலிருந்து முக்கால் மணி நேரத்தில், வானம் தெளிவாக இருந்தால், ஃபூஜி மலை வலப்பக்கம் வரும்.

நம்மவர்கள் கொண்டுபோகும் பெரிய பெட்டி அந்த ரயிலில் சிக்கல். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், பெட்டி வைக்க இடமுள்ள கடைசி வரிசை சீட்டை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் காசு கிடையாது. பதியாமல் ஏறினால் 1,000 யென் கட்டணம். இதைவிடச் சுலபமான வழி தக்யூபின் என்ற பார்சல் சேவை. ஓட்டல் வரவேற்பில் சொன்னால் படிவம் தருவார்கள். டோக்கியோவில் காலையில் கொடுத்த பெட்டி பெரும்பாலும் மறுநாள் கியோட்டோ ஓட்டலுக்கு வந்துவிடும். ஒரு ராத்திரிக்கான துணியும் மருந்தும் மட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

ஊருக்குள் சுற்ற சுய்கா, பாஸ்மோ, இகோகா ஆகிய மூன்றில் பணம் ஏற்றிய எந்த அட்டை இருந்தாலும் மெட்ரோ, பேருந்து, பெட்டிக்கடை வரை செல்லும். ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே அட்டையில் இருவர் நுழைய முடியாது. பணம் ஏற்றும் இயந்திரங்கள் பெரும்பாலும் ரொக்கம்தான் கேட்கும். செவன் இலெவன் கடை ஏடிஎம்மில் நம் ஊர் சர்வதேச அட்டைக்கு யென் வரும். ஷின்ஜுகு நிலையத்துக்கு 200-க்கும் மேல் வாசல்கள். இடத்தின் பெயரோடு எந்த வாசல் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தப்பான பக்கம் ஏறிவிட்டால் சுற்றி வரவே இருபது நிமிஷம் ஆகும். நள்ளிரவை ஒட்டி ரயில் நின்றுவிடும், அப்புறம் டாக்சிதான்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் சைவக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். யாரும் வேண்டுமென்று ஏமாற்றுவதில்லை. ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படை தாஷி என்ற சாறு. அது பெரும்பாலும் கோம்பு என்ற கடற்பாசியிலும் கட்சுவோபுஷியிலும் எடுப்பது. கட்சுவோபுஷி, சூரை மீனை வேகவைத்து, புகையில் காயவைத்து, மரக்கட்டை மாதிரி இறுகியபின் சீவி எடுப்பது. தூத்துக்குடியிலும் இலங்கையிலும் சம்பலுக்கு இடிக்கும் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம். மிசோ சூப், உடோன், சோபா நூடுல்ஸ், டெம்புரா என்ற பஜ்ஜிக்குத் தரும் தொட்டுக்கொள்ளும் சாறு, பூசணிக்காய் வேகவைத்தது எல்லாவற்றிலும் அது இருக்கும். ‘மீன் வேண்டாம்’ என்றால் மீன் துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். ‘கட்சுவோ தாஷி வேண்டாம்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். பொட்டலத்தில் உள்ள அலர்ஜிக் கட்டத்தை மட்டும் பார்த்தும் நம்பாதீர்கள், சூரை மீன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பொருட்களின் முழு விவரத்தையும் ஃபோன் கேமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள். ‘கரி ரைஸ்’ என்ற குழம்புச் சாதத்துக்குக் கரைக்கும் மசாலாக் கட்டியில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருப்பது சகஜம்.

நிம்மதியாகச் சாப்பிட வழிகளும் உண்டு. டோக்கியோ நிலையத்தில் டிக்கெட் கேட்டுக்கு உள்ளேயே டீஸ் தான்தான் என்ற கடையில் முழு சைவ ராமென் நூடுல்ஸ் கிடைக்கும். கியோட்டோ அராஷியாமாவில் தென்ரியூஜி கோயிலுக்குள் ஷிகெட்சு என்ற உணவகம், மதியம் மட்டும். துறவிகளின் ஷோஜின் சமையல், மீன் சாறு தொடாதது. நம் சாப்பாட்டுக்கு நாக்கு ஏங்கினால் டோக்கியோவின் நிஷி-கசாய் பக்கம் இந்தியக் குடும்பங்கள் நிறைய, மளிகையும் கிடைக்கும்.

ஊரிலிருந்து ரைஸ் குக்கர் தூக்கிப்போகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கர் அதில் ஐந்தில் ஒரு பங்கு சூடுதான் தரும், அரிசி ஊறும், வேகாது. ஃபோன் சார்ஜர் வேலை செய்யும், தட்டையான இரண்டு முள் அடாப்டர் மட்டும் வேண்டும்.

கியோட்டோவில் காலை 6 மணிக்குக் கிளம்புகிறவருக்கும் 10 மணிக்குக் கிளம்புகிறவருக்கும் கிடைப்பது ஒரே ஊர் இல்லை. கியோமிசு கோயில் 6 மணிக்கே திறக்கும். ஃபுஷிமி இனாரி மலைக்கோயிலுக்குக் கதவே இல்லை. 233 மீட்டர் மலை முழுக்க ஏறி இறங்க இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும், பாதிக்கு மேல் கூட்டம் கரைந்துவிடும். சன்ஜூசங்கென்தோ கோயிலைத் தவறவிடாதீர்கள்: கருணைத் தெய்வமான கன்னோனின் 1,001 சிலைகள், முன்வரிசையில் 28 காவல் தெய்வங்கள். அவர்களில் பலர் நம் நாட்டிலிருந்து போனவர்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. நாராவின் தோதாய்ஜி கோயில் பெரிய புத்தருக்கு 752-இல் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அங்கே சுற்றித் திரியும் மானுக்கு பிஸ்கட் காட்டிவிட்டு ஓடுகிற கூட்டம் அந்தப் புத்தர் முன்னே பத்து நிமிஷம்கூட நிற்பதில்லை என்பதுதான் வருத்தம்.

ரயிலில் ஃபோன் பேசாதீர்கள், டிப்ஸ் வைக்காதீர்கள், குப்பைக்கு ஒரு பையை வைத்துக்கொள்ளுங்கள். கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளுக்குள், ஆடல் பாடல் கலைஞர்களான கெய்ஷாக்களைப் படமெடுக்க நுழைந்தால் 10,000 யென் அபராதம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். அவர்கள் வேலைக்குப் போகிற பெண்கள்; வழிவிடுங்கள்.

மருந்தில் கவனம். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைக்கு அங்கே தடை. கோடீன் கலந்த இருமல் சிரப்பையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். டாக்டர் எழுதிய மாத்திரை ஒரு மாதத்துக்கு மேல் கொண்டுபோவதென்றால் முன் அனுமதி வேண்டும்.

2024 ஏப்ரல் முதல் இந்தியர்களுக்குச் சுற்றுலா இ-விசா உண்டு. ஆனால் விமான நிலையத்தில் அந்த விசா அறிவிப்பை இணையத்தில் திறந்தே காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டும் பிரின்ட் அவுட்டும் செல்லாது. ஃபோனில் சார்ஜும் டேட்டாவும் இருக்கிறதா என்று வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.