வேங்கை மரத்துப் பால் காய்ச்சத் தெரிந்தவருக்குப் பள்ளியில் இடம் வேண்டும்

கோத்தகிரிப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து 19 வருடம் ஆகிறது. "சொந்தமா ஒரு கண்காட்சி வைக்கலாமே" என்று கூடப் படித்தவர்கள் கேட்கிறார்கள். அந்த நேரமெல்லாம் மலைப் பள்ளிகளுக்கு ஓவியம் சொல்லித்தர ஆள் கேட்டு மனு எழுதுவதில் போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. மனு இன்னும் பலிக்கவில்லையே என்பதுதான் வருத்தம்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 6 முதல் 8 வரையான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் ஓவியத்துக்குப் பகுதிநேர ஆசிரியர். நான் போகும் பள்ளிகளில் 30 பேர் சேர்ந்தாலே பெரிது. 2012இல் தமிழகம் முழுக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். அப்போது மாதம் 5,000 ரூபாய், வாரம் மூன்று அரைநாள். அதில் ஒருவர்கூட இந்தப் பள்ளிகளுக்கு வரவில்லை.

ஆனால் ஓவியர் இல்லாத ஊரா இது? நீலகிரிப் பழங்குடிகளான ஆலு குறும்பர்கள் பாறையிலும் சுவரிலும் தலைமுறையாக வரைந்து வருகிறவர்கள். இன்னொரு பழங்குடியான தோடர் வீட்டுப் பெண்கள் கோடு போட்டுக்கொள்ளாமல், துணியின் இழையை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகப் பூத்தையல் போடுகிறார்கள். அதற்கு 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

போன வருடம் குறும்பப் பெரியவர் ஒருவரை ஒரு பள்ளிக்கு அழைத்துப் போனேன். வேங்கை மரத்துப் பாலைக் காய்ச்சிச் செம்பழுப்பு எடுத்தார். இலையைக் கசக்கிப் பச்சை. செங்குத்துப் பாறை, அதில் தேனடை, கொடி ஏணியில் தொங்கும் மனிதன் என்று சுவரில் எழுந்து வந்தது. அதுவரை இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் தென்னை என்றே வரைந்துகொண்டிருந்த பெண் (எங்கள் ஊரில் தென்னை ஏது?) எழுந்து நின்று, "எங்க தாத்தாவும் இப்படித்தான் இறங்குவாரு சார்" என்றாள். ஏணியில் எத்தனை முடிச்சு என்று அவளே அவருக்குச் சொன்னாள். அவர் திருத்தி வரைந்தார்.

வாரம் ஒரு நாள் அவரை வரவைக்கலாமா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். "சர்டிபிகேட் இருக்கா சார்? ஆடிட்ல கேப்பாங்க." அவரும் நல்லவர்தான், கை கட்டியிருக்கிறது.

பழங்குடிக் கலைஞர்களுக்குச் சான்றிதழ் கேட்காமல், நாளுக்கு இவ்வளவு என்று மதிப்பூதியம் கொடுத்து வகுப்பெடுக்க ஓர் அரசாணை. 100 பிள்ளைகள் என்ற வரம்பை மலைக்குத் தனியாகக் குறைப்பது. இந்த இரண்டைத்தான் கேட்கிறேன். தினக்கூலியை விட்டுவிட்டு அந்தப் பெரியவர் சும்மா வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு ஊட்டி போகிறேன். குன்னூர், கூடலூர் பக்கத்து ஆசிரியர்கள் யாராவது கையெழுத்துப் போட முடியுமா? பெரியவர் நேற்றும் சந்தையில் கேட்டார், "மறுபடி எப்ப சார் வரணும்?"