"வாங்கு" எண்டு எழுதினால் வாங்கினதுதான்

இணையத்தில காசுக்கு வாங்கின படங்கள் காணாமல் போச்செண்டு வெள்ளவத்தை அன்ரி ஒருத்தி போட்ட பதிவுக்குக் கீழே "விதிமுறையை வாசிச்சிட்டு அமத்தியிருக்கலாமே" எண்டு எழுதி, சிரிக்கிற பொம்மையும் போட்டீங்கள் பாருங்கோ, அந்த அறிவாளிகளுக்குத்தான் இது.

அவ காசு குடுத்து வாங்கின படங்கள். கனடாவில இருந்து வந்த மகள் எக்கவுண்டின்ர நாட்டை மாத்தினா. பட்டியலில பாதி காணேல்ல. ஏனெண்டால் படத்தை விக்கிற உரிமை நாடு நாடாத்தான் எழுதப்படுகுது. இலங்கைக் கணக்கில எடுத்தது கனடாக் கணக்கில செல்லுமெண்டில்லை.

"திரும்ப மாத்தலாம்தானே?" கூகிள் பிளேயில ஒருக்கா மாத்தினால் அடுத்ததுக்கு ஒரு வருசம் பொறுக்கோணும். ஆப்பிளில மிச்சக் காசைச் செலவழிச்சு, சந்தாக்களை நிப்பாட்டி, அந்த நாட்டுக்குச் செல்லுபடியாகிற அட்டையும் குடுக்கோணும். முதலே டவுன்லோட் செய்து வைச்சிருந்தாலும் அந்தக் கோப்புக்குப் பூட்டு. பென் டிரைவில ஏத்தி டிவியில சொருகினால் ஓடாது. இரவல் குடுக்கேலாது, விக்கேலாது. இதுக்குப் பேர் வாங்கினதோ? பார்க்கிற அனுமதி, அவ்வளவுதான்.

அப்ப பட்டனில "வாங்கு" எண்டு ஏன் போடுறான்?

இது என்ர விசர்க் கேள்வி இல்லை. கலிபோர்னியாவில 2025 ஜனவரி 1 முதல் சட்டமே இருக்கு: குடுக்கிறது அனுமதிதான் எண்டு தெளிவாச் சொல்லாமல் "வாங்கு" எண்டு போடேலாது. சும்மா வந்த சட்டமில்லை. 2023 கடைசியில சோனி, தன்ர பிளேஸ்டேஷன் கேம் பெட்டியில சனம் வாங்கின டிஸ்கவரி டிவி நிகழ்ச்சிகளை எடுக்கப்போறம் எண்டு அறிவிச்சு, சத்தம் கிளம்பின பிறகு பின்வாங்கினது. 2024 ஏப்ரலில ஜப்பான் அனிமே படங்கள் காட்டின ஃபனிமேஷன் தளத்தை மூடேக்க, டிஸ்க்கோட வந்த குறியீட்டைப் போட்டு எடுத்த டிஜிட்டல் கொப்பிகளும் சேர்ந்து போச்சு. விதிமுறை வாசிச்ச ஆக்கள் அப்ப எங்க நிண்டவை?

டிஸ்க்கா வாங்கினால் கையில இருக்குமெண்டால், "டிஸ்க்கும் பழுதாகும்" எண்டு ஒருத்தர். ஓம், கீறும். கடற்கரைப் பக்கம் பூஞ்சணமும் பிடிக்கும். டிவிடிக்கு உலகத்தை வலயம் வலயமாப் பிரிச்சு வைச்சிருக்கினம்: கனடா 1, எங்கட 5. எல்லா வலயமும் வாசிக்கிற பிளேயர் இல்லாட்டி ஓடாது. சரி, ஒத்துக்கொள்ளுறன். ஆனால் ராவோடு ராவா ஒருத்தனும் வந்து அலுமாரியைத் திறந்து எடுத்துக்கொண்டு போறேல்ல.

காலி வீதியில கள்ளக் கொப்பி வாங்கினவையின்ர படம் இண்டைக்கும் ஓடுது. டொலர் கணக்கில நேர்மையாக் கட்டின அன்ரி மட்டும் உங்களுக்குப் பகிடி.

விலையைக் குறைச்சு, பட்டனில "நாங்கள் விடுற வரைக்கும் பார்" எண்டு போடட்டும். எத்தனை பேர் அமத்துறீங்கள் எண்டு பாப்பம். அந்தக் கொமெண்டை இன்னும் அழிக்கேல்ல, கண்டுகொண்டுதான் இருக்கிறன்.