எல்லாரையும் சந்தேகப்பட்டால் கணக்கு சரியாகிவிடுமா?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் நகரசபையில் ஒரு விஷயம் சூடாக ஓடிக்கொண்டிருக்கிறது. புல்-டேப் என்ற சூதாட்டச் சீட்டு விற்று நிதி திரட்டும் தொண்டு அமைப்புகளின் நிர்வாகக் குழுவில் இருக்கும் அத்தனை பேரையும் உள்ளூர் போலீஸ் பின்னணி விசாரணை செய்ய வேண்டுமாம். அதற்கான கட்டணமும் அமைப்பின் தலையில். நான் இதை எதிர்க்கிறேன். கையாடல் நடக்கக் கூடாது என்று நினைப்பதால்தான் எதிர்க்கிறேன்.

மினசோட்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். இங்கே பாருக்குள் போனால் ஒரு மூலையில் சின்ன கவுன்ட்டர் இருக்கும். பெட்டி பெட்டியாகக் கலர் அட்டைச் சீட்டுகள். ஒரு டாலரோ இரண்டு டாலரோ கொடுத்து வாங்கி, பின்பக்கம் இருக்கும் பட்டைகளைக் கிழித்தால் படங்கள் தெரியும். சேர வேண்டிய படங்கள் சேர்ந்தால் பரிசு. லாபம் பார்க்காரருக்கு இல்லை. ஐஸ் ஹாக்கி சங்கம், லயன்ஸ் கிளப், முன்னாள் படைவீரர் சங்கம், தீயணைப்பு வீரர் நலச் சங்கம் என்று ஏதோ ஒரு தொண்டு அமைப்புக்குப் போகும். மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள். வருடத்துக்கு 400 கோடி டாலருக்கு மேல் புழங்குகிறது; பெரும்பகுதி பரிசாகவே திரும்பிவிடும். 2012-ல் எலக்ட்ரானிக் புல்-டேப் வந்ததே வைக்கிங்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஸ்டேடியத்துக்கு மாநிலத்தின் பங்கைக் கட்டத்தான். அந்தக் கடன் 2023-லேயே அடைந்துவிட்டது, ஆட்டம் மட்டும் நிற்கவில்லை.

இவ்வளவு ரொக்கம் புரளும் இடத்தில் சிலர் கை வைத்திருக்கிறார்கள், வழக்குகளும் வந்திருக்கின்றன. ஆகவே பயம் நியாயமானதுதான். ஆனால் யார் கை வைக்கிறார்கள்? வேலை செய்யும் இடத்து மோசடிகளைப் பற்றிச் சான்றிதழ் பெற்ற மோசடி ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் (ACFE) இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அறிக்கை வெளியிடுகிறது. அதன்படி, சிக்கியவர்களில் பெரும்பாலோர் மேல் அதற்கு முன் மோசடி வழக்கே கிடையாது. பல வருடம் நம்பப்பட்டவர், சாவி வைத்திருப்பவர், "அவர் பார்த்துப்பார்" என்று எல்லாரும் விட்டுவிட்ட ஆள். போலீஸ் ரெக்கார்டைத் தேடினால் இவர் சுத்தமாகத்தான் வருவார்.

மாட்டப்போவது வேறு ஆட்கள். இருபது வயதில் ஏதோ வழக்கில் சிக்கி, இப்போது ஐம்பது வயதில் பிள்ளைகளுக்கு ஸ்கேட் கட்டிவிட வருகிற அப்பா. அவர் பணப்பெட்டிப் பக்கமே போவதில்லை. எங்கள் ஊரில் ஐஸ் ரிங்க் வாடகை மணிக்கு 200 டாலருக்கு மேல். என் மகள் ஹாக்கி விளையாடுவதே புல்-டேப் பணத்தின் தயவில்தான். அந்த ஹாக்கி சங்கத்துக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடு. ஊர் முழுக்கத் தெரிந்த போலீஸ்காரரிடம் பழைய கதையை நீட்ட வேண்டும் என்றால், அந்த அப்பா சத்தமில்லாமல் விலகிவிடுவார். இதே மாநிலம்தான் 2023-ல் 'க்ளீன் ஸ்லேட்' சட்டம் கொண்டுவந்து, தகுதியான பழைய வழக்குகளைத் தானாகவே மறைத்து வைக்க வழி செய்தது. நகரசபை எதிர்த்திசையில் போக வேண்டுமா?

பணத்தைக் கையாளும் சூதாட்ட மேலாளருக்கு மாநிலச் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தின் லைசன்ஸ் வேண்டும், பின்னணியும் பார்ப்பார்கள். அது இருக்கட்டும். காசோலையில் கையெழுத்துப் போடுகிறவர்களையும் சேர்த்துப் பார்க்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. அதோடு நிறுத்துங்கள்.

நகரத்தின் கையில் இதைவிடக் கூர்மையான ஆயுதம் இருக்கிறது. எந்த பாரில் ஆட்டம் நடத்துவதானாலும் நகரசபையின் ஒப்புதல் தீர்மானம் வேண்டும். கண்காணிப்புச் செலவுக்கென்று 3 சதவீதம் வரை உள்ளூர் வரி போடவும் சட்டம் இடம் தருகிறது. அந்தப் பணத்தில் ஒரு கணக்காளரை அனுப்பி, ஒரு பெட்டி முடிந்ததும் விற்காத சீட்டு, கொடுத்த பரிசு, கையிருப்பு ரொக்கம் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று முன்னறிவிப்பில்லாமல் பார்க்கச் சொல்லுங்கள். ரொக்கத்தை இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும், எண்ணுகிறவரே வங்கியில் கட்டக் கூடாது என்று நிபந்தனை போடுங்கள். மாதக் கணக்கை நகராட்சித் தளத்தில் ஏற்றுங்கள். திருடன் பயப்படுவது இதற்குத்தான்.

அடுத்த கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் எனக்கு மூன்று நிமிடம் கிடைக்கும். இதைத்தான் சொல்லப்போகிறேன். இந்த ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அதற்குள் உங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஒரு மெயில் போடுங்கள்.