பெல்ஜியத்தில் 541 நாள் அரசாங்கமே இல்லையா?

2010 ஜூன் 13 தேர்தலுக்குப் பின் பெல்ஜியம் 541 நாள் அரசாங்கமே இல்லாமல் கிடந்தது, மொழியால் பிளவுபட்ட நாட்டில் ஜனநாயகம் நிலைக்காது என்பதற்கு அதுவே சான்று என்றொரு செய்தி பகிரப்பட்டு வருகிறது. நாள் கணக்கு சரி, மற்றவை தவறு.

புதிய பிரதமர் எலியோ டி ரூப்போ 2011 டிசம்பர் 6 அன்று பதவியேற்கும் வரை, முந்தைய பிரதமர் இவ் லெத்தெர்மின் காபந்து அரசு பொறுப்பில் இருந்தது. 2011 மார்ச்சில் நாடாளுமன்ற ஆதரவுடன் லிபியாவுக்கு எஃப்-16 விமானங்களை அனுப்பியதும் அந்த அரசுதான். பள்ளிக் கல்வியோ மொழிச் சமூகங்களின் தனி அரசுகளிடம் இருப்பதால், அது புதிய கூட்டணி அரசை அமைக்கும் பேரத்துக்காகக் காத்திருக்கவில்லை.

இழுபறிக்கு முக்கியக் காரணம், தலைநகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்த்த புருசெல்ஸ்-ஹாலெ-வில்வோர்டெ தேர்தல் தொகுதியைப் பிரிப்பது உள்ளிட்ட சிக்கல்களில் டச்சு, பிரெஞ்சு மொழிக் கட்சிகள் ஒத்துவராததே. பிரதமர் நீங்கலாக, அமைச்சரவையில் டச்சு, பிரெஞ்சு மொழியினர் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 99ஆம் பிரிவு. நாடாளுமன்றத்தில் ஒரு மொழிக் குழுவின் முக்கால் பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டால், மொழிச் சமூகங்களுக்கு இடையிலான உறவைக் கெடுக்கும் எனக் கருதும் மசோதாவை நிறுத்திவைத்து, 30 நாளுக்குள் அந்த அமைச்சரவையையே கருத்துச் சொல்ல வைக்கலாம். வேகத்துக்காக வகுத்த விதிகளல்ல இவை. ஒரு தரப்பு மற்றதை எண்ணிக்கையால் நசுக்காதிருக்க வகுத்தவை. அந்தத் தொகுதியும் 2012இல் சட்டப்படியே பிரிக்கப்பட்டது.